வலது பக்கக் கடிவாளம்

"அம்மா, வலது பக்கம் யாரு, இடது பக்கம் யாரு? அது ஒண்ணை மட்டும் சொல்லிடுங்க. இன்னும் மூணு நாள்தான் இருக்கு."

மலையேறி வந்த மனிதர் உட்காரக்கூட இல்லை. வந்ததும் வராததுமாக இதைத்தான் கேட்டார்.

மக்ரினா அம்மா முறத்தில் பயறைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"எதுக்கு வலது, இடது?"

"ராஜாவோட குதிரைக்கு."

"குதிரை என்ன சொல்லுது?"

கேட்க வந்தவர் பெயர் பல்தசார். வயது அறுபத்தொன்று. மெலாந்திரா தீவின் அரண்மனையில் நாற்பது வருடமாகச் சடங்கு அதிகாரி. யார் எங்கே நிற்பது, யார் முதலில் குனிவது, எந்த மணியை எத்தனை தடவை அடிப்பது என்பதெல்லாம் அவர் சொன்னபடிதான் நடக்கும்.

மக்ரினா அம்மாவுக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை. உப்பளத்துக்காரரின் மகள். துறவியாகி, மலைமேல் ஒரு சின்னக் கோயிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனைவி செத்த வருடம் ஒரு பூசைக்காக மலையேறிய பல்தசார், ஆறு வருடமாக ஏறிக்கொண்டே இருந்தார். தன் மகள் வயதுள்ளவரை அவர் 'அம்மா' என்றார். அம்மா அவரைப் 'பெரியவரே' என்றார். யாருக்கு யார் குரு என்பதில் இருவருக்கும் குழப்பமில்லை.

"கேலி பண்ணாதீங்க அம்மா. சாப்பாடு இறங்கல. தூக்கம் இல்ல. கண்ணை மூடினா குதிரைதான் வருது."

"உட்காருங்க. நீங்களும் கொஞ்சம் கல் பொறுக்குங்க. வாய் பேசட்டும், கை ஏன் சும்மா இருக்கணும்?"

பல்தசார் உட்கார்ந்தார். கல்லோடு பயறையும் சேர்த்து எறிந்தார்.

விஷயம் இதுதான்.

மெலாந்திரா அப்போது பேர்பெற்ற பணக்காரத் தீவு. சர்க்கரை, உப்பு, பட்டு என்று எல்லாம் இருந்தது. பிரபுக்கள் வீட்டு வேட்டை நாய்களைக் குளிப்பாட்டவே தனியாக ஆள் இருந்தான். துறைமுகத்துக்கு வரும் கப்பல்கள் வருடா வருடம் குறைந்துகொண்டு வந்தன. கரும்பாலைகள் உறிஞ்சியதில் கிணறுகள் ஒவ்வொன்றாக வற்றின. அதற்காக யாரும் விருந்தை நிறுத்தவில்லை.

அந்தத் தீவின் அரசர்களுக்கு இரண்டு முடி. முதல் முடி தீவுக்கு. அதைத் தலைநகரில் சூட்டுவார்கள். இரண்டாவது முடி கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கும் எதிர்க்கரை நாட்டுக்கு. அந்த நாடு கைவிட்டுப் போய்த் தொண்ணூறு வருடமாகிவிட்டது. நாடு போனால் என்ன, முடி இருக்கிறதே! அதனால் ஒவ்வொரு புது அரசரும் துறைமுக நகரமான பெலாயாவுக்கு வருவார். எதிர்க்கரை மலைகள் தெரியும் திசையைப் பார்த்து நிற்பார். இல்லாத நாட்டுக்கு இருக்கிற முடியைச் சூட்டிக்கொள்வார். இதைப் பார்த்து அங்கே யாரும் சிரித்ததில்லை. சிரிக்காமல் பார்த்துக்கொள்வதும் பல்தசாரின் வேலைதான்.

முடி சூடியதும் அரசர் குதிரையேறிப் பெரிய கோயிலிலிருந்து கடற்கரை மாளிகைவரை ஊர்வலம் போவார். கடிவாளக் கயிற்றை இரண்டு பக்கமும் இரண்டு வணிக நகரங்களின் தூதர்கள் பிடித்து நடப்பார்கள். ஒன்று லிவேரா, இன்னொன்று கொர்சானோ. தீவின் சரக்கெல்லாம் அந்த இரண்டு ஊர்க் கப்பல்களில்தான் வெளியே போயிற்று. வலது பக்கம்தான் பெரிய மரியாதை. அது எப்போதும் லிவேராவுக்கு.

"எப்பவும் லிவேரான்னா, லிவேராவுக்கே கொடுங்களேன்."

"கொர்சானோ கேட்குது அம்மா."

"இல்லன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"ஏன்?"

பல்தசார் முறத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கண்ணருகே வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"பெரியவரே, அது கல் இல்ல. பயறு."

அவர் அதைக் கீழே போட்டார்.

"நான்தான் அம்மா எழுதிக்கொடுத்தேன்."

"யாருக்கு?"

"ரெண்டு பேருக்கும்."

அம்மாவின் கை முதல்முறையாக நின்றது.

பஞ்சம் வந்த ஒரு வருடம், பழைய அரசர் கொர்சானோவிடம் கோதுமை கேட்டிருந்தார். கோதுமை தருகிறோம், அடுத்த முடிசூட்டில் வலது பக்கம் எங்களுக்கு என்றது கொர்சானோ. "எழுதிக் கொடுங்க பல்தசார்," என்றார் அரசர். "நான் என்ன நாளைக்கேவா சாகப்போறேன்?" பல்தசார் எழுதினார். முத்திரை வைத்தார்.

நாலு வருடம் கழித்துக் கடற்கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். அரசர் லிவேராவிடம் கப்பல் கேட்டார். வலது பக்கம் என்றைக்கும் எங்களுக்கே என்று எழுதிக் கொடுத்தால் அனுப்புகிறோம் என்றது லிவேரா. அதையும் பல்தசார்தான் எழுதினார். கொர்சானோவுக்கு எழுதியதை அரசருக்கு ஞாபகப்படுத்தலாமா என்று ஒரு நிமிடம் யோசித்தார். அரசர் வேட்டைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். பேசாமல் முத்திரை வைத்தார்.

போன மாதம் பழைய அரசர் செத்துப்போனார். இரண்டு கடிதங்களும் உயிரோடு இருந்தன.

"இது வேற யாருக்குத் தெரியும்?"

"எனக்கு மட்டும்தான். அவங்க அவங்க கடுதாசி அவங்க அவங்ககிட்ட பத்திரமா இருக்கு. ஒருத்தர்கிட்ட இருக்கிறது இன்னொருத்தருக்குத் தெரியாது. மூணு நாள்ல நடுத்தெருவுல தெரியும். கத்தி எடுத்துடுவாங்க அம்மா. தோத்த பக்கம் சும்மா போகாது. கடல்ல கப்பலைக் கொண்டுவந்து நிறுத்தும். பெலாயாவுக்கு என்ன ஆகும்? பன்னிரண்டாயிரம் ஜனம் இருக்கு."

"அப்ப இன்னைக்கே சொல்லிடுங்க."

"யார்கிட்ட?"

"ராஜாகிட்ட. ரெண்டு தூதர்கிட்ட. மூணு பேரையும் ஒரே அறையில உட்காரவெச்சு, ரெண்டும் நான் எழுதினதுன்னு சொல்லுங்க. திட்டுவாங்க. திட்டி முடிச்சா பேச்சு ஆரம்பிக்கும்."

பல்தசார் முறத்திலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

"நாற்பது வருஷம் அம்மா. என் கையில நடந்த விழாவுல ஒரு மெழுகுவத்திகூட அணைஞ்சதில்ல. பல்தசார் தப்புப் பண்ணிட்டான்னு ஒருத்தன் சொல்லிக் கேட்டதில்ல."

"சொல்ல மாட்டீங்க?"

"வேற வழி ஏதாவது சொல்லுங்க."

அம்மா முறத்தைத் தள்ளிவைத்தார்.

"சரி, எழுந்திருங்க. கழுதைக்குத் தண்ணி காட்டிட்டு வரலாம்."

கோயில் கிணறும் வற்றிப்போயிருந்தது. இன்னும் மேலே இருந்த ஊற்றுக்குத்தான் போக வேண்டும். அம்மா கழுதையின் கயிற்றை அவர் கையில் கொடுத்தார்.

அது ஒற்றையடிப் பாதை. ஒரு பக்கம் பாறை, இன்னொரு பக்கம் பள்ளம். பல்தசார் பழக்கத்தில் கழுதைக்கு வலது பக்கம் நடந்தார். பாறை தோளைத் தேய்த்தது. இடது பக்கம் மாறினார். கால் சறுக்கியது. முன்னால் போய் இழுத்தார். கழுதை நின்றேவிட்டது. அது ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் அரசரே வந்தாலும் நகராது.

"விட்டுடுங்க," என்றார் பின்னால் வந்த அம்மா.

அவர் கயிற்றை விட்டார். கழுதை காதை ஆட்டிக்கொண்டு, தன்பாட்டுக்கு நடந்துபோய் ஊற்றில் வாய் வைத்துக் குடித்தது.

பல்தசார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். திடீரென்று இரண்டு கைகளையும் தட்டினார்.

"புரிஞ்சுபோச்சு அம்மா!"

"என்ன புரிஞ்சுது?"

"கயிறே வேண்டாம்! கயிறு இருந்தாத்தானே வலதும் இடதும்? ராஜா நடந்தே போகட்டும். ஆண்டவர் முன்னால பணிவுன்னு சொல்லிக்கலாம். யாருக்கும் குறை இல்ல. கடுதாசியைப் பத்திப் பேச்சே வராது. நான் எதையும் சொல்லவே வேண்டாம்!"

"நான் கழுதைக்குத் தண்ணி காட்டத்தான் கூப்பிட்டேன், பெரியவரே."

அது அவர் காதில் விழவில்லை. பாதி மலை இறங்கிவிட்டார்.

புது அரசர் ரெனோவுக்கு இருபத்தாறு வயது. கெட்டவர் இல்லை. மூத்தவர்களிடம் மரியாதையாகப் பேசுவார். விழாவுக்கான புதுக் காலணி கடிக்கிறது என்று, நாலு வேலைக்காரர்கள் சுற்றி நிற்க, கடற்கரை மாளிகையின் அறைக்குள் நடந்து பழகிக்கொண்டிருந்தார்.

"நடந்தா?" என்றார் அரசர்.

"பணிவின் அடையாளமா, அரசே."

"இந்தக் காலணியோடவா?"

வேலைக்காரர்கள் சிரித்தார்கள். பல்தசாரும் சிரித்துவைத்தார்.

"எங்க தாத்தா குதிரையில போனார். அப்பா குதிரையில போனார். நான் மட்டும் கால்நடையாப் போனா எதிர்க்கரையில என்ன நினைப்பாங்க?"

பல்தசார் சாளரத்தின் வழியே பார்த்தார். கடலுக்கு அப்பால் மலைகள் ஒரு கோடாகத் தெரிந்தன. அங்கே ஆடு மேய்க்கிறவனுக்கு இப்படியொரு அரசர் தனக்கு இருப்பதே தெரியாது. இதை எப்படிச் சொல்வது?

அரசர் வேலைக்காரர்களை வெளியே அனுப்பினார். பக்கத்தில் வந்தார்.

"உங்களுக்கு ஏன் இப்படி வேர்க்குது? கொர்சானோ தூதர் நேத்து என்னைப் பார்த்து ஒரு மாதிரியாச் சிரிச்சார். அப்பா அவங்களுக்கு ஏதாவது வாக்குக் கொடுத்திருந்தாரா? கொடுத்திருந்தா இப்பவே சொல்லுங்க. நான் கோவிச்சுக்க மாட்டேன்."

இதைவிட ஒரு மனிதனுக்கு எப்படி வாய்ப்புக் கொடுப்பது? பழத்தை உரித்துக் கையில் வைத்தாகிவிட்டது.

"அப்படி ஒண்ணும் இல்ல, அரசே," என்றார் பல்தசார்.

"நிச்சயமா?"

"நிச்சயமா."

"அப்பாடா. அப்ப வழக்கம்போல வலது பக்கம் லிவேரா."

அன்று மாலை கொர்சானோவின் தூதர் பல்தசாரின் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை. ஒரு கூடை அத்திப்பழத்தை மேசையில் வைத்தார்.

"உங்க கையெழுத்து எவ்வளவு அழகு! எங்க ஊர்ல எல்லாரும் பாராட்டுறாங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் காலை லிவேராவின் தூதர் ஒரு பெட்டி மெழுகுவத்தி அனுப்பிவைத்தார். கூடவே ஒரு சீட்டு. 'வாக்கு மாறாதவருக்கு' என்று எழுதியிருந்தது.

பல்தசார் அத்திப்பழத்தையும் சாப்பிடவில்லை, மெழுகுவத்தியையும் ஏற்றவில்லை. மறுபடி மலையேறினார்.

அம்மா கோயிலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"ராஜா மாட்டேன்னுட்டார்."

அம்மா பெருக்கினார்.

"எங்கிட்ட நேராவே கேட்டார் அம்மா. அப்பா யாருக்காவது வாக்குக் கொடுத்தாரான்னு."

துடைப்பம் அவர் காலடிக்கு வந்தது. பல்தசார் நகர்ந்து நின்றார்.

"இல்லன்னு சொல்லிட்டேன்."

துடைப்பம் அங்கேயும் வந்தது. அவர் தூணோரம் போனார்.

"பயந்துட்டேன் அம்மா. வாயைத் திறந்தா குரல் வரல. வந்தது அந்த ஒரு பொய்தான்."

தூணோரமும் பெருக்கியாயிற்று. அவர் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினார். அம்மா ஒவ்வோர் அடியாகப் பெருக்கிக்கொண்டு வந்தார். கடைசியில் அவர் வாசற்படிக்கு வெளியே நின்றார்.

"ஏதாவது சொல்லுங்க அம்மா."

அம்மா குப்பையை அள்ளி வெளியே கொட்டினார்.

"ராஜா இன்னும் தூங்கப் போயிருக்க மாட்டார்," என்றார். "சூரியன் இருக்கு."

பல்தசார் மலையிறங்கினார். கடற்கரை மாளிகை வாசல்வரை போனார். காவலர்கள் வணங்கி வழிவிட்டார்கள். கோயிலில் விரிக்கவேண்டிய கம்பளம் ஒன்று கோணலாகச் சுருட்டி வைத்திருப்பதைப் பார்த்தார். அதைச் சரிசெய்யச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

முடிசூட்டு நாள். நல்ல வெயில். எதிர்க்கரை மலைகள் என்றைக்கும் இல்லாத அளவுக்குத் தெளிவாகத் தெரிந்தன. அதையே நல்ல சகுனம் என்றார்கள்.

கோயிலுக்குள் ஒரு குறையும் இல்லை. முடி ஏறியது. மணி அடித்தது. அரசர் படியிறங்கிக் குதிரையேறினார்.

லிவேராவின் தூதர் வலது பக்கம் வந்து கயிற்றைப் பிடித்தார். கொர்சானோவின் தூதரும் வலது பக்கமே வந்து அதே கயிற்றைப் பிடித்தார்.

"இது எங்க இடம்."

"எங்களுக்கு எழுத்து இருக்கு."

"எழுத்து எங்ககிட்ட இருக்கு!"

இருவரும் அங்கிக்குள்ளிருந்து கடிதத்தை எடுத்தார்கள். விரித்தார்கள். ஒரே மாதிரி உருண்டையான எழுத்து. ஒரே முத்திரை.

குதிரைமேல் இருந்த அரசர் ஒரு கடிதத்தைப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு பல்தசாரைப் பார்த்தார்.

அப்போதும் நேரம் இருந்தது. ஒரே ஒரு வாக்கியம் போதும். பல்தசாரின் தொண்டைவரை அது வந்துவிட்டது. ஆனால் கண் வேறெங்கோ போயிற்று. குதிரையின் இடது பக்கம் ஆளே இல்லை. கடிவாளக் கயிறு தரையில் புரண்டுகொண்டிருந்தது. முடிசூட்டு ஊர்வலத்தில் இடது பக்கம் காலி! நாற்பது வருடத்தில் இப்படி நடந்ததில்லை.

சடங்கு அதிகாரி நேராகப் போனார். இடது கயிற்றை எடுத்தார். தூசியைத் தட்டினார். பிடித்துக்கொண்டு நடந்தார்.

வலது பக்கம் இரண்டு பேர் இழுக்க, இடது பக்கம் அவர் பிடிக்க, குதிரை கோணிக்கொண்டே மாளிகைக்குப் போய்ச் சேர்ந்தது.

விருந்தில் முதலில் சொல் பறந்தது. பிறகு ரொட்டி பறந்தது. பிறகு கத்தி. அரண்மனைக் காவலர்களும் லிவேராக்காரர்களோடு சேர்ந்துகொண்டார்கள். கொர்சானோ வணிகர்கள் எட்டுப் பேர் செத்தார்கள். அவர்கள் கிடங்குகளை ஊரே கொளுத்தியது. அரசர் அன்றைக்கே தலைநகருக்குக் கிளம்பிவிட்டார். மலைகளுக்கு நடுவே இருக்கும் தலைநகரிலிருந்து பார்த்தால் கடல் தெரியாது.

பெலாயாவில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது. தினமும் பார்த்தார்கள். சமைக்கும்போது பார்த்தார்கள், துணி உலர்த்தும்போது பார்த்தார்கள். ஒரு மீன்பிடிப் படகு தெரிந்தாலும் தாய்மார்கள் பிள்ளைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள்.

அறுபத்தெட்டாம் நாள், பயந்தது வந்தே விட்டது. நாற்பது கொர்சானோக் கப்பல்கள் துறைமுகத்துக்கு வெளியே வரிசையாக நின்றன. ஒரு படகில் செய்தி வந்தது.

'எங்களுக்கு எழுதிக் கொடுத்து ஏமாற்றிய ஆளை ஒப்படையுங்கள். மூன்று நாள் தவணை. மற்றதைப் பிறகு பேசலாம்.'

இரண்டாம் நாள் மத்தியானம் பல்தசார் மலையேறினார். இந்த முறை முகம் தெளிவாக இருந்தது.

"ஆசீர்வாதம் வாங்கிட்டுப் போகலாம்னு வந்தேன் அம்மா."

"எங்க போறீங்க?"

"நாளைக்குக் காலையில என்னைக் கப்பல்காரங்ககிட்ட ஒப்படைக்கிறாங்க. நானே போறேன்னு சொல்லிட்டேன். நேத்து பெரிய கோயில்ல எல்லார் முன்னாலயும் நின்னு, ரெண்டும் நான் எழுதினதுன்னு சொல்லிட்டேன். சொல்ல முடியாதுன்னு நினைச்சேனே, அம்மா, அவ்வளவு சுலபமா இருந்துது!"

அவர் அழுதார். அது நிம்மதியில் வந்த அழுகை.

"உட்காருங்க," என்றார் அம்மா.

"உட்கார நேரமில்ல. ஏற்பாடெல்லாம் பாக்கி. முன்னால சிலுவை போகும். பின்னால சாமியார்கள் பன்னிரண்டு பேர். அப்புறம் நான், வெறுங்காலோட, கழுத்துல கயிறு. துறைமுகத்துக்குப் போறவரைக்கும் பெரிய மணியை மட்டும் விட்டு விட்டு அடிக்கணும்."

"யார் இதெல்லாம் ஏற்பாடு பண்ணினது?"

"நான்தான். வேற யாருக்குத் தெரியும்?"

அம்மா சிரிக்கவில்லை.

"ஊர் ஜனம் என்ன சொல்லுது?"

"கையைப் பிடிச்சு முத்தம் கொடுக்குறாங்க அம்மா. நேத்துக் காலையில பாதி ஊர் மூட்டை கட்டிட்டு இருந்துது, மலைப்பக்கம் ஓட. நான்தான் தடுத்தேன். என் எழுத்தால வந்த ஆபத்து என் உசிரோட போயிடும், யாரும் பயப்படாதீங்கன்னு சொன்னேன். மூட்டையை எல்லாம் பிரிச்சுட்டாங்க. இன்னைக்குச் சந்தைகூட நடக்குது."

"ஒருத்தர்கூடக் கிளம்பலையா?"

"ஒருத்தர்கூட இல்ல," என்றார் பல்தசார். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அம்மா எழுந்து பாறை ஓரத்துக்குப் போனார். அவரும் பின்னால் போனார். கீழே பெலாயா. அதற்கு அப்பால் கப்பல்கள்.

"எல்லாம் புதுக் கப்பல் போலிருக்கே, பெரியவரே."

"புத்தம்புதுசு. தார் வாடை கோயில் வரைக்கும் அடிக்குது."

"ஒரு கப்பல் கட்ட எவ்வளவு நாள் ஆகும்?"

"நம்ம பழைய ராஜா ஒண்ணு கட்டினாரே. மரம் வெட்டின அன்னைக்குப் பூசைக்கு ஏற்பாடு பண்ணினதும் நான்தான், கடல்ல இறக்கின விழாவுக்கும் நான்தான்." பல்தசார் தன் தொழில் பேச்சு வந்ததும் விரல் மடக்கினார். "மரம் காயவே ஒரு வருஷம். அதுக்கப்புறம் கட்டி முடிக்க எட்டு மாசம்."

"அது ஒரு கப்பலுக்கு."

"ஆமா, ஒண்ணுக்கு."

"கடிவாளத்துக்குச் சண்டை போட்டது எப்ப?"

"இன்னைக்கோட அறுபத்தொன்பது நாள்."

சொல்லிவிட்டு அவர் கடலைப் பார்த்தார். மடக்கிய விரல்கள் மடக்கியபடியே இருந்தன. முதல் கப்பலிலிருந்து கடைசிக் கப்பல்வரை பார்த்தார். மறுபடி முதலிலிருந்து பார்த்தார். எல்லாம் கடிவாளச் சண்டைக்கு வெகு முன்பே கட்டத் தொடங்கியவை; அவர் ஒருவர் போவதால் திரும்பிப் போகாதவை.

கீழே வீடுகளில் அடுப்புப் புகை எழுந்துகொண்டிருந்தது.

ஆசீர்வாதம் வாங்க வந்தவர் அதை வாங்கவில்லை. திரும்பி ஓடினார். சறுக்கி விழுந்தார், எழுந்து மறுபடி ஓடினார். ஊருக்குக் கேட்காத தூரத்திலேயே, "கிளம்புங்க! எல்லாரும் கிளம்புங்க!" என்று கத்தத் தொடங்கியிருந்தார்.